முளைக்காத முப்பத்தொன்று

இளவேனிலுக்கு எந்தக் கோதுமையும் சுலபத்தில் பிடித்துவிடாது. எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் பின்னால், கம்பெனி பஸ்கள் திரும்புகிற சந்தில் இருந்த ஒரு விதைக் கம்பெனியின் இரண்டாம் மாடியில் அவளுடைய பரிசோதனைக்கூடம். ஏப்ரல் பிறந்தால் ஆனேக்கல் பக்கத்துச் சோதனை வயலிலிருந்து புதிய ரகங்கள் சின்னச் சின்னத் துணிப்பைகளில் வந்து இறங்கும். நிறுப்பாள், அரைப்பாள், பிசைவாள், சப்பாத்தியாகச் சுட்டுக் கிழித்துப் பார்ப்பாள். பிறகு, 'மணி எடை போதாது', 'மாவு இழுபடவில்லை', 'காலையில் சுட்டது சாயங்காலத்துக்குள் அப்பளம்' என்று எழுதி மேலே அனுப்பிவிடுவாள். பதினோரு வருஷத்தில் அவள் 'நன்று' என்று எழுதிய ரகங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும்.

அந்த ரகங்களை உருவாக்குகிறவர் மஞ்சுநாத். ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். ஒரு தொட்டிச் செடி வைக்கவும் இடமில்லாத வீடு. அங்கிருந்து படித்து வந்து, கோதுமைப் பூவைச் சாமணத்தால் பிரித்து மகரந்தம் தூவி, ஒரு கதிரையும் இன்னொரு கதிரையும் சேர்த்து வைக்கிற வேலையில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம். பேசும்போது இரண்டும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வரும். எட்டு வருஷமாக அவர் வளர்த்துக் கழித்து, கழித்ததுபோக மிஞ்சியவை நாற்பது ரகங்கள். அந்த நாற்பதும் அந்த வருஷம் வயலில் நின்றன.

பெங்களூரு கோதுமை விளைகிற ஊர் இல்லை. அது தெரிந்துதான் இங்கே விதைத்தார்கள். வடக்கே மார்ச் மாத வெயில் முன்கூட்டியே வந்து, பால் பிடிக்கிற கதிரைச் சுட்டுப் பொக்காக்கிவிடுகிறது. அதைத் தாங்குகிற ரகம் வேண்டுமென்றால், வேண்டுமென்றே தாமதமாக விதைத்து, பயிரை வெயிலில் மாட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மஞ்சுநாத் அப்படித்தான் செய்தார். ஆனால் அந்த வருஷம் வெயிலோடு சேர்ந்து மழையும் வந்தது. கதிர் முற்றிக் காய்ந்து, நாளைக்கு அறுக்கலாம் என்றிருந்த சமயத்தில் கோடை நடுவில் வருகிற மாங்காய் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பெய்து விடுகிற மழை அல்ல. ஆனேக்கல் ரோட்டில் லாரிகள் சேற்றில் நின்றுவிட, வாரம் முழுக்க வானம் வெளுக்கவே இல்லை.

மழை விட்டு, காய்ந்து, அறுத்து, அடித்து, பைகள் வந்து சேர்ந்தபோது இளவேனில் முதல் பையின் வாயைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராகி முளைகட்டிக் காயவைத்தால் வருமே, அந்தத் தித்திப்பான வாசனை. கையை விட்டு அள்ளினாள். மணியின் முனையில் நூல் நூலாக வேர் எட்டிப் பார்த்துக் கருகியிருந்தது. கதிரில் இருந்தபடியே முளைத்துவிட்ட கோதுமை.

"இன்னா மேடம் இது, கோதுமைக்கு மீசை மொளச்சிருக்குது?" என்றாள் எல்லம்மா. ஈஜிபுராவிலிருந்து வருகிறவள்; பைகளைப் பிரித்து, சுத்தம் செய்து, ஆலையில் போட்டு அரைத்துக் கொடுப்பது அவள் வேலை.

"மழையில நனஞ்சதும் மொளைக்கற நேரம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கிச்சு அக்கா. இனிமே இது மாவுக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது."

மேலிடத்திலிருந்து அன்றைக்கே செய்தி வந்துவிட்டது. இந்த வருஷச் சோதனையைக் கணக்கில் எடுக்க வேண்டாம்; கோதுமைப் பிரிவைத் தொடர்வதா வேண்டாமா என்று ஜூலையில் பேசலாம். அதன் அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். மஞ்சுநாத் மாடிப்படியில் இறங்கி வந்து, பைகளைத் தூரத்தில் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அஷ்டே மேடம், அவ்வளவுதான். முடிஞ்சுது. நீங்க வீணா மெனக்கெடாதீங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஆனால் இளவேனில் பழக்கத்தை விடுகிறவள் இல்லை. வந்த பையை அளக்காமல் தூக்கிப் போட அவளுக்குக் கை வராது. எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதையாவது எழுதி வைக்கலாம் என்று ஒவ்வொன்றாக அரைக்கச் சொன்னாள்.

முளைவிட்ட மணியின் மாவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி உண்டு. மாவைத் தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கொதிநீரில் இறக்கிக் கிளறுவார்கள். மாவு வெந்து கூழாகும். பிறகு ஒரு கம்பி தன் எடையிலேயே அந்தக் கூழுக்குள் இறங்கும். நல்ல மாவென்றால் கூழ் கெட்டியாக இருக்கும். கம்பி தயங்கித் தயங்கி இறங்க ஐந்தாறு நிமிஷம் பிடிக்கும். முளைத்த மணியோ, தன் மாவுச்சத்தைத் தானே சர்க்கரையாக உடைத்துத் தின்னத் தொடங்கியிருக்கும். கூழ் நீர்த்துப்போகும், கம்பி கிணற்றில் விழுந்த வாளி மாதிரி விட்ட வேகத்தில் அடியைத் தொடும்.

தொட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாப் பைகளின் மாவிலும் கம்பி பொத்துப் பொத்தென்று விழுந்தது. கம்பி அடியைத் தொட்டதும் கருவி அடிக்கிற மணியோசை கேட்டுக் கேட்டு எல்லம்மா காதைப் பொத்திக்கொண்டாள். இரண்டு நாள் இதே கதை. மூன்றாம் நாள் மத்தியானம் முப்பத்தொன்றாம் நம்பர் மாவு குழாயில் இறங்கியது. கிளறி முடிந்து கம்பி விடுபட்டது. மணி அடிக்கவில்லை.

இளவேனில் அடுத்த பைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடிக்காததைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நிமிர்ந்து பார்த்தாள். கம்பி கூழின் மேல் நின்றுகொண்டிருந்தது.

"மெஷினு மாட்டிக்கிச்சா?" என்றாள் எல்லம்மா.

"அப்படித்தான் தெரியுது."

நிறுத்தி, கம்பியைக் கழுவித் துடைத்து, முப்பதாம் நம்பர் மாவை மறுபடியும் வைத்தாள். பொத்தென்று விழுந்தது. முப்பத்தொன்றைப் புதிதாகக் கரைத்து வைத்தாள். நின்றது. நின்று, நின்று, ஆறு நிமிஷத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு, மனமில்லாதது போல இறங்கியது. முப்பத்தியிரண்டு மறுபடியும் பொத்தென்றது.

இளவேனில் முப்பத்தொன்றாம் பையைக் கவிழ்த்துத் தட்டில் பரப்பினாள். மணிகள் கொஞ்சம் சிறுத்திருந்தன. மேல்தோல் மங்கி, அங்கங்கே கரும்புள்ளி. ஆனால் ஒன்றிலும் வேர் இல்லை. அதைவிட ஆச்சரியம், எல்லாம் பொன்னிறம். மழைக்கு அசையாத கோதுமை உலகத்தில் இல்லாமல் இல்லை. பெரும்பாலும் அவை சிவப்புத் தோல்காரிகள். நம் ஊரில் சிவப்புக் கோதுமையில் சுட்ட சப்பாத்தியை யாரும் தட்டில் வாங்க மாட்டார்கள். பொன்னிற மணியில் இப்படியொரு குணத்தை அவள் கையால் தொட்டதில்லை.

அவள் மனசில் உடனே சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது.

அன்று ராத்திரி வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்தும் இளவேனிலின் கை சோற்றில் போகவில்லை. அவளுடைய கணவன் கவின் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன, ஆபீஸ்ல எதாச்சும் தகராறா?"

சொன்னாள். ஒரே ஒரு பையில் மட்டும் ஒரு மணிகூட முளைக்கவில்லை. போன வருஷத்து மணியை அதில் போட்டிருந்தால் இப்படித்தான் இருக்கும். "அவரு நல்ல மனுஷன்தாங்க. ஆனா எட்டு வருஷ உழைப்பு கண்ணு முன்னாடி போவுதுன்னா, நல்லவங்களுக்கும் புத்தி தடுமாறும் இல்ல?"

கவின் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னான்: "நீ எழுதறதுக்கு முன்னாடி அவரு மூஞ்சியப் பாத்துக் கேட்டுடு. எழுதிட்டுக் கேட்டா அது கேள்வி இல்ல. பழி போடறது."

மறுநாள் காலையில் அவள் மஞ்சுநாத்தின் அறைக்குப் போனாள். சுவர் முழுக்கக் காய்ந்த கதிர்கள் கட்டுக்கட்டாகத் தொங்கின. அவர் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளுங்க மேடம்."

"முப்பத்தொண்ணாம் பையில இருக்கறது இந்த வருஷத்து மணிதானா?"

அவருக்குக் கேள்வி புரியவே கொஞ்சம் நேரம் பிடித்தது. அவள் எண்களைச் சொன்னாள். அவர் முகத்தில் முதலில் ஒரு வெளிச்சம் வந்தது. அடுத்த நொடியே கேள்வியின் உள்ளர்த்தம் உறைத்து அது அணைந்தது.

"பழைய மணிய போட்டு அனுப்பிட்டேன்னு நெனைக்கறீங்களா?"

"நெனைக்கல சார். ஆனா அப்படி இல்லன்னு எனக்குத் தெரியவும் இல்ல."

மஞ்சுநாத் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். தூரத்தில் மேம்பாலச் சாலையில் வண்டிகள் ஊர்ந்தன. பேசினபோது குரல் தாழ்ந்திருந்தது. "வலிக்குது மேடம். பொய் சொல்லல. ஆனா நீங்க கேக்காம விட்டிருந்தா, நாளைக்கு இந்த நம்பர ஒருத்தனும் நம்பமாட்டான்." பிறகு சட்டென்று திரும்பினார். "பாத்தியைச் சுத்தி ஓர வரிசை அறுக்காம நிக்குது. ஓரத்துப் பயிருக்கு வெளிச்சமும் எடமும் கூடன்னு அத நாங்க கணக்குல சேக்கறது இல்ல. வாங்க போலாம். நீங்களே உங்க கையால அறுத்துக்குங்க. நான் தொடமாட்டேன்."

இளவேனில் அந்த வயலுக்கு அதற்கு முன் போனதே இல்லை. பைகள் அவளைத் தேடி வரும். அவள் பைகளைத் தேடிப் போக வேண்டிய அவசியம் வந்ததில்லை. கம்பெனி வண்டி சந்தாபுரம் தாண்டி ஆனேக்கல் ரோட்டில் திரும்பி, கட்டி முடியாத அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு கம்பிவேலிக் கதவின் முன் நின்றது.

அறுத்த பாத்திகள் மொட்டையாகக் கிடந்தன. சுற்றிலும் ஓர வரிசைகள் மட்டும் நின்றன. முதல் பாத்தியின் ஓரத்தில் இளவேனில் குனிந்து ஒரு கதிரைப் பிடித்தாள். கதிர் சாம்பல் நிறத்தில் நைந்திருந்தது. மணிக்கு மணி பச்சையாகக் கிளம்பிய முளை, வெயில் பட்டு வதங்கிப் பழுப்பாகி, கிழவர் காதில் முளைத்த மயிர் மாதிரி சிலிர்த்துக்கொண்டிருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பாத்திகளிலும் அப்படியே. நடக்க நடக்க அவளுக்கே மனசு கனத்தது. ஒரு மனிதர் எட்டு வருஷம் பொறுக்கிச் சேர்த்தது இப்படி நின்றபடியே அழிந்திருக்கிறது.

"அறுக்கறப்ப நான் வரல மேடம்" என்றார் பின்னால் வந்த மஞ்சுநாத். "பாக்க முடியல. ஆளுங்கதான் அறுத்து, அடிச்சு, பையில கட்டினாங்க. நான் வந்திருந்தா அன்னிக்கே பாத்திருப்பேன்."

முப்பத்தொன்றாம் பாத்தியின் குச்சி வந்தது. அவர் வரப்பிலேயே நின்றுகொண்டார்.

இளவேனில் தனியாக இறங்கினாள். மற்றவை பட்ட அடி எல்லாம் இந்த வரிசையும் பட்டிருந்தது. தாள் சாய்ந்திருந்தது. கதிரின் மீசை உதிர்ந்திருந்தது. உமியில் கரும்பூஞ்சை படிந்திருந்தது. ஒரு கதிரை ஒடித்து இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்து ஊதினாள். உமி பறந்தது. கையில் மணிகள் கிடந்தன. ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தாள். மூடிய கண் மாதிரி முழுசாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. இன்னொரு கதிர். இன்னொன்று. வரிசையின் கடைசிவரை குனிந்தபடியே போனாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மணிகள் பிளந்திருந்தன, மற்றதெல்லாம் அப்படியே. இந்தப் பக்கம் முப்பது, அந்தப் பக்கம் முப்பத்தியிரண்டு, இரண்டும் ஒரு முழ தூரத்தில் முளைத்து அழுகிக் கிடந்தன. அதே மண், அதே மழை, அதே ராத்திரிகள். வானம் வாரம் முழுக்கத் தண்ணீர் ஊற்றி எழுப்பியும், இது மட்டும் 'இப்போது இல்லை' என்று படுத்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தாள். வரப்பில் நின்ற மஞ்சுநாத், கேட்கப் பயந்தவர் போல அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து பாருங்க சார்" என்றாள். "நான் கேட்டது தப்பு. மன்னிச்சுக்குங்க."

அவர் இறங்கி வந்தார். தொடமாட்டேன் என்று சொன்னவர், இரண்டு கைகளாலும் அந்தக் கதிர்களை ஏந்திக்கொண்டார்.

மூன்று பாத்திகளிலிருந்தும் அவளே கதிர் அறுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். முளைக்காமல் தப்பிய மணிகளாகப் பொறுக்கி, மூன்று தட்டுகளில் ஈரத்தாளின் மேல் பரப்பி மூடி வைத்தாள். மூன்றாம் நாள் முப்பதும் முப்பத்தியிரண்டும் வெள்ளை வேர் விட்டன. வாரக் கடைசியில் தட்டு நிறையப் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆயிற்று. நடுவில் முப்பத்தொன்று, நனைந்து ஊதிப்போய், அசையாமல் கிடந்தது.

மஞ்சுநாத் தினமும் வந்து பார்த்தார். முதல் நாள் சிரித்த முகம் நாளாக ஆக இறுகியது. ஒரு நாள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், ஒரு வேளை இது தூங்கலன்னா?"

"புரியல சார்."

"செத்துப்போயிருந்தா? வெயில்லயே உள்ள கரு வெந்துபோயிருந்தா? செத்த மணியும் மொளைக்காது. செத்த மணி மாவுலயும் கம்பி விழாது. நாம பொணத்தப் பாத்துத் தூங்குதுன்னு சொல்லிட்டிருக்கமோ?"

இளவேனில் மாவைப் பற்றி மட்டுமே யோசித்திருந்தாள். விதைத்தால் எழாத கோதுமையை விவசாயி என்ன செய்வான்? தூக்கத்துக்கும் சாவுக்கும் வெளியே ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"உள்ள பாத்துடலாம் சார்" என்றாள்.

அதற்கும் ஒரு வழி இருந்தது. உயிருள்ள திசு பட்டால் சிவப்பாகிற ஒரு நிறமற்ற உப்புக்கரைசல். விதைப் பிரிவில் வழக்கமாகச் செய்கிற சோதனை. மாவுக்காரியான இளவேனிலுக்கு அதைச் செய்ய வேண்டி வந்ததில்லை. முப்பத்தொன்றின் மணிகளை ராத்திரி ஊறவைத்தாள். பாதி மணிகளை வேண்டுமென்றே கொதிநீரில் போட்டுக் கொன்றாள். செத்தது எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே. காலையில் கூரிய பிளேடால் ஒவ்வொரு மணியையும் நீளவாக்கில், கரு இரண்டாகப் பிளக்கிற மாதிரி, வகிர்ந்தாள். இரண்டு கண்ணாடித் தட்டுகளில் போட்டுக் கரைசலை ஊற்றி, இருட்டான வெதுவெதுப்புப் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினாள்.

மஞ்சுநாத் மாடிக்குப் போகவில்லை. எல்லம்மா கொண்டு வந்த டீ ஆறி ஆடை படர்ந்தது. அவர் தன்பாட்டில் பேசினார். முப்பத்தொன்றின் தாயும் தகப்பனும் சாதாரண ரகங்கள்தான். எந்தப் பக்கத்திலிருந்து இந்தக் குணம் வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கத்திலும் துண்டு துண்டாக ஒளிந்திருந்தது இதில் வந்து ஒன்றுகூடியிருக்கலாம். "இத நான் தேடவே இல்ல மேடம். வெயிலுக்குத்தான் தேடினேன். மழை வந்திருக்காட்டி இது இருக்கறதே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. விளைச்சல் கம்மின்னு நானே தூக்கிப் போட்டிருப்பேன்."

மத்தியானம் இளவேனில் பெட்டியைத் திறந்தாள். கொதிநீரில் கொன்ற மணிகளின் தட்டை முதலில் எடுத்தாள். வெள்ளை. ஒரு மணியிலும் நிறம் ஏறவில்லை. அடுத்த தட்டை எடுத்தாள். வெளிச்சத்தில் வைத்தாள்.

தட்டு முழுக்க சிவப்புப் புள்ளிகள்.

மாவுப் பகுதி சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அதன் அடி ஓரத்தில், குண்டூசித் தலையளவு இடத்தில், கரு மட்டும் மாதுளை முத்தின் நிறத்தில் சிவந்திருந்தது. ஒன்றிரண்டில் அல்ல. அநேகமாக எல்லாவற்றிலும்.

"உயிரு இருக்குது" என்றார் மஞ்சுநாத்.

இளவேனில் ஒரு பாதி மணியை எடுத்து உருப்பெருக்கியின் கீழே வைத்துக் கண்ணைப் பதித்தாள். அங்கே எல்லாமே ஏற்கெனவே இருந்தது. மேலே ஒரு சின்ன உறை. அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்து வைத்த இலைகள். கீழே வேரின் கூர்மையான முனை, அதற்கும் ஒரு தொப்பி. முழுச் செடி, சிவப்பாக, நகக்கண் அளவுகூட இல்லாத இடத்தில், உடுத்திப் புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தது. வாரம் முழுக்க மழை கூப்பிட்டது இதைத்தான். அது காதில் வாங்காமல் இருந்ததும் இங்கேதான். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு, இது விதைப்புக் கால மழை அல்ல, ஏமாற்றுகிற மழை என்று? மூளை இல்லை, கண் இல்லை, நாள்காட்டி இல்லை.

பதினோரு வருஷம் அவள் கோதுமையை மாவாகத்தான் பார்த்திருக்கிறாள். எத்தனை எடை, எத்தனை பசை, எத்தனை நிறம். இந்தக் கூடத்து ஆலையில் அவள் அரைத்துத் தள்ளிய மூட்டை மூட்டையான மணிகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒன்று உட்கார்ந்திருந்தது என்பது அவளுக்குப் பாடத்தில் தெரியும். கண்ணுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். உருப்பெருக்கியிலிருந்து முகத்தை எடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எடுத்தபோது கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

"நானும் பாக்கட்டுமா மேடம்?" என்றாள் எல்லம்மா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். "அய்யோ, இன்னா இது... உள்ள ஒருத்தி குந்திக்கினு கீறாளே!" என்று கூவிவிட்டு, எதையோ எழுப்பிவிட்டதைப் போல வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறிக்கை எழுதுகிறபோது இளவேனில் ஆச்சரியத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். முப்பத்தொன்றின் விளைச்சல், வழக்கமாகப் பயிரிடும் ரகத்தைவிடக் கால்வாசி குறைவு. மணி சிறிது. சப்பாத்தி சூட்டில் நன்றாக இருந்தாலும் ஆறினால் முறுகுகிறது. எல்லாவற்றையும் அப்படியே எழுதினாள். கடைசிப் பத்தியில் மழைக்குப் பின் கம்பி நின்ற கதையையும் சிவந்த கருக்களையும் எழுதி, 'உயிருடன் உறங்குகிறது. எப்போது விழிக்கும் என்று இனிமேல்தான் தெரிய வேண்டும்' என்று முடித்தாள். படித்துப் பார்த்த மஞ்சுநாத் ஒரு வார்த்தையும் மாற்றச் சொல்லவில்லை.

"விளைச்சல் போதாது, நெஜம்தான். இது கடைக்குப் போற ரகம் இல்ல மேடம். இன்னொண்ணுக்குத் தாயா நிக்கற ரகம். ஆனா அதுக்கும் இது எந்திரிக்கணுமே."

மீதி மணிகள் காகித உறையில், கூடத்து அலமாரியில், காய்ந்தபடி கிடந்தன. வாரா வாரம் ஒரு பிடி எடுத்து ஈரத்தாளில் வைத்துப் பார்த்தாள். ஏப்ரல் முழுக்க ஒன்றும் இல்லை. மே நடுவில் இரண்டு மூன்று மணிகள் சோம்பலாக மூக்கை நீட்டின. மே கடைசியில் இன்னும் சில. மஞ்சுநாத் காலி செய்த இழுப்பறையில் பொருள்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்திருந்ததை ஒரு நாள் அவள் கவனித்தாள்.

ஜூன் பிறந்து, நிஜமான மழைக்காலம் பெங்களூரின் மேல் வந்து உட்கார்ந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, வண்டி நெரிசலில் தாமதமாகி, நனைந்த குடையோடு கூடத்துக்குள் வந்தவள், புதன்கிழமை வைத்த தட்டின் கண்ணாடி மூடியை அரைக் கவனத்தோடு திறந்தாள்.

எல்லாம் எழுந்திருந்தன.

ஒவ்வொரு மணியிலிருந்தும் மும்மூன்று வேர்கள் பஞ்சு போன்ற ரோமத்தோடு பரவி, தாளைப் பிடித்துக்கொண்டிருந்தன. மேலே வெள்ளை உறையைக் கிழித்துக்கொண்டு பச்சை நுனிகள், எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே பக்கமாக, ஜன்னலைப் பார்த்து. அவள் எண்ணத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. இரண்டு மாசத்துக்கு முன்னால் இதே தண்ணீருக்கு அசையாதவை.

போனில் அவள் சொன்னது இரண்டே சொல். "சார், வாங்க."

மஞ்சுநாத் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி வந்தார். தட்டைப் பார்த்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைத் தட்டுக்கு அருகில் கொண்டுபோய், குழந்தை முகர்கிற மாதிரி முகர்ந்தார்.

"எதோட சேக்கலாம் இத?"

அந்தக் கேள்வியை அவர் அதுவரை அவளிடம் கேட்டதே இல்லை. ரகத்தைச் சேர்ப்பது அவர் வேலை, கழிப்பது அவள் வேலை என்றுதான் இருந்தது.

"பன்னெண்டு" என்றாள் இளவேனில், யோசிக்காமலே. "போன வருஷம் அதுல சுட்ட சப்பாத்தி மறுநாளும் துணி மாதிரி மடிஞ்சுது. எடையும் இருக்கு."

"பன்னெண்டுக்கு வெயில் தாங்காதே."

"அப்ப பத்தொம்பதையும் சேருங்க. ரெண்டு தடவையா சேக்க முடியாதா?"

"முடியும். ஆனா ஸ்வல்ப வருஷம் ஆகும் மேடம். ஆறு, ஏழு..."

"ஆகட்டும் சார். ஜூலையில மேலிடத்துக்கு இந்தத் தட்டையே காட்டுவோம். நான் எங்க போகப்போறேன்?"

அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, கிடைத்த மாவுப் பையின் முதுகிலேயே கோடுகள் இழுத்து, எந்தக் கதிர் தாய், எந்தக் கதிர் தகப்பன் என்று போடத் தொடங்கினார். அவள் குறுக்கே குறுக்கே மறித்துப் பேசினாள். எல்லம்மா இருவரையும் பார்த்துவிட்டு, அவர்கள் முழங்கை பட்டுவிடாமல் தட்டை மெதுவாக நகர்த்தி ஜன்னல் ஓரத்தில் வைத்து, தாள் காயாமல் இருக்கக் கொஞ்சம் தண்ணீர் தெளித்தாள்.